கப்பலில் நாற்பத்தெட்டு மணி நேரம்

அம்பத்தூரில் முப்பது வருஷமாகக் குடியிருப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், போர்த் தண்ணீர், கேன் தண்ணீர் ஆகிய நால்வகை நீரையும் நாவில் பட்ட மாத்திரத்தில் இனம் பிரித்துச் சொல்லிவிடுவேன். மழைக் காலத்தில் கொரட்டூர்ப் பக்கம் வெள்ளம் தேங்கியது என்று செய்தி வந்தால், எங்கள் வீட்டில் அன்று மாலையே பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறிவிடும். இவ்வளவு ஜாக்கிரதையாக வயிற்றைப் போற்றி வந்த நான், தரையில் முகம் பார்க்கலாம் போல் பளபளத்த ஓர் உல்லாசக் கப்பலில் ஏறி, அங்கே வாந்தியும் பேதியுமாகப் படுத்தேன் என்றால் நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரிக்கட்டும். நான் படுத்ததைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. படுத்த பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிரயாணத்துக்குக் காரணம் என் மாமியார். பூவிருந்தவல்லியில் இருக்கிறார், வயது எழுபத்தெட்டு. அவருடைய தகப்பனார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். "ராஜூலா" என்னும் கப்பலைப் பற்றி நம்மில் பல குடும்பங்களில் கதை உண்டு. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களை மேல்தட்டிலே பாய் விரித்துப் படுக்க வைத்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் கொண்டு சேர்த்தது. கணக்கப்பிள்ளையும் அப்படிப் போனவர்தான். ஒரு பிரயாணத்தில், கப்பலில் யாரோ ஒருவருக்கு நோய் கண்டதென்று, பினாங்கு நகரத்தை எட்டிப் பார்ப்பதற்கு முன் எல்லாரையும் ஜெரஜாக் தீவில் இறக்கிச் சில நாள் தனியே வைத்துவிட்டார்களாம். அந்தத் தீவின் கொசுக்களைப் பற்றி அவர் ஊர் திரும்பிச் சொன்ன வர்ணனையை என் மாமியார் இன்றும் ஒப்பிப்பார். "ஒரு தடவை அந்த ஊரைப் பார்த்துவிட்டால் போதும்" என்பது அவருடைய பல வருஷத்து ஆசை.

ஆகவே 2025 கோடை விடுமுறையில், நானும் என் மனைவியும், ஆவடியிலிருந்து என் மைத்துனரும், அவர்களுடைய தாயாருமாக நால்வர் விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு போய் வரும் கப்பல் ஒன்றில் ஏறினோம். நான்கு இரவுகள். கப்பலின் பெயர் வேண்டாம். நடந்ததில் கப்பலின் பங்கைவிட என் பங்கே அதிகம். முதல் நாள் மாலை, போஜன சாலையைக் கண்டு என் மைத்துனர் சற்று நேரம் பேச்சிழந்து நின்றார். பிறகு பேசாமலே சாப்பிட்டார். வாசலில் ஒரு பெட்டி கையில் ஏதோ திரவத்தைப் பீச்சிற்று. அதைத் தேய்த்துக் கொண்டதும், இனி எந்தக் கிருமியும் நம்மை அண்டாது என்று எனக்கு அபார நம்பிக்கை பிறந்தது.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அந்த நம்பிக்கை போயிற்று. எட்டு மணிக்குள் ஐந்து முறை. கடல் தாலாட்டியதால் வந்த தலைச்சுற்றல் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கடல் வண்டலூர் ஏரியைப் போல் அசையாமல் கிடந்தது. தவிர, கடல் மயக்கம் வாந்தியோடு நிற்கும், கீழ்வாசலைத் தட்டுவதில்லை.

"டாக்டரிடம் சொல்லலாமா, மச்சான்?" என்று கேட்டேன்.

"சொன்னால் உங்களை அறைக்குள் பூட்டிவிடுவார்கள், மாப்பிள்ளை. கூட இருக்கிறவர்களையும் விட மாட்டார்கள். நாளைக்குப் பினாங்கு. அம்மாவின் நிலைமையை யோசியுங்கள்" என்றார் அவர்.

அம்மாவின் நிலைமையை யோசித்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, நாலு வருஷச் சேமிப்பு. அதைப் போட்டு வாங்கிய டிக்கெட்டில் ஒரு நாளைக்கூட விட மனமில்லை. மைத்துனர் ஆவடிக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளில் வாங்கி வந்திருந்த தித்திப்புப் பானத்தை எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் மேல் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துக்கள் பெரிதாகப் போட்டிருந்தன. இரண்டு பெட்டி குடித்தேன், நிலைமை மோசமாயிற்று. இத்தகைய பானங்களில் சர்க்கரை மிதமிஞ்சியும் உப்பு சொற்பமாயும் இருக்கும். அதிகச் சர்க்கரை குடலுக்குள் போனால், உடம்பிலுள்ள நீரையும் அது குடலுக்கு இழுத்து வெளியே தள்ளிவிடும். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுக்கு ஒவ்வாத பானங்களின் மேல் அந்த எழுத்துக்களைப் போடக் கூடாதென்று தடுத்துவிட்டது. எனக்கு ஐந்து மாதம் தாமதம்.

மத்தியானத்துக்குமேல் சற்றுத் தெளிந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கப்பல் ஆடுவதால் எனக்கு மயக்கம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். "நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லையே, மாப்பிள்ளை" என்று வருத்தப்பட்டார். அவரைத் திருப்தி செய்வதற்காக ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, என் கையால் உரித்து, சுளை சுளையாக அவருக்கே கொடுத்தேன். கையை அந்தப் பீச்சுத் திரவத்தால் துடைத்துக்கொண்டுதான் உரித்தேன்.

இந்த நோயின் பெயர் நோரோ. 1968-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூட்டமாக வாந்தியெடுத்தார்கள்; அங்கே எடுத்த மாதிரியிலிருந்து 1972-இல் மின்னணு உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே கிருமியைக் கண்டார்கள். ஊரின் பெயர் கிருமிக்குக் கிடைத்தது. இருபதுக்குட்பட்ட கிருமித் துகள்களே ஒரு மனிதரைப் படுக்க வைக்கப் போதுமென்று சொல்லுகிறார்கள். நோயாளியின் வயிற்றிலிருந்து வெளிப்படுவதோ கோடிக்கணக்கில். ஒட்டிய பன்னிரண்டு மணி முதல் நாற்பத்தெட்டு மணிக்குள் காட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள், ஆட்டி வைத்துவிட்டுப் போகும். போன பிறகும் இரண்டு வாரம் வரை நோயாளி அதைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். சாராயச் சத்துள்ள கைத் திரவங்களுக்கு இது சரியாக மசிவதில்லை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டு இறங்கும். எனக்கு எங்கே ஒட்டிற்று என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மணிக் கணக்கைப் பார்த்தால், கப்பல் ஏறுவதற்கு முன்பே, விமானத்திலோ நிலையத்திலோ, நானே அதைக் கப்பலுக்குக் கொண்டு போயிருக்கக் கூடும்.

1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை "சோஷலிஸ மாதிரி சமுதாயம்" அமைப்பதென்று தீர்மானம் செய்தது. அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியது நான் அறிந்த மட்டில் இந்தக் கிருமி ஒன்றுதான். மேல்மாடிச் சீமான், அடித்தளத்துச் சமையற்காரன் என்ற வித்தியாசம் அதற்கில்லை. கரையிலே மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் பரவுவதுதான் அதிகம்; ஆனால் கப்பலில் எல்லாரும் ஒரே கரண்டியையும் ஒரே கைப்பிடிக் கம்பியையும் தொடுவதால் சீக்கிரம் பரவுகிறது, கணக்கெடுப்பதால் வெளியே தெரிகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கு 1975 முதல் இதற்கென்றே ஒரு சுகாதாரத் திட்டம் உண்டு. பிரயாணிகளிலோ சிப்பந்திகளிலோ நூற்றுக்கு மூன்று பேர் படுத்தால் விசேஷமாக அறிவிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடிவதற்குள் மாமியார் படுத்துவிட்டார்.

எனக்கு வந்தது வேறு, அவருக்கு வந்தது வேறு. ஆறு மணிக்குள் அவருடைய நாக்கு உலர்ந்துவிட்டது. எழுந்து நின்றால் கண் இருண்டது. முந்திய இரவிலிருந்து சிறுநீர் கழியவில்லை என்று என் மனைவி சொன்னாள். "அம்மா என்னை யாரென்று கேட்கிறாள்" என்று அவள் சொன்னபோது, மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து வைத்தியரை அழைத்தேன். முந்திய நாள் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன்.

வந்தவர் ஒரு பெண் டாக்டர். கோபித்துக்கொள்ளவில்லை. "நேற்றுக் காலை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டிருந்தால் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். மாமியார் ரத்த அழுத்தத்துக்காக என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரித்து, அவற்றுள் நீரைப் பிரிக்கிற மாத்திரையை அன்றைக்கு நிறுத்தச் சொன்னார். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி அன்று காலையும் வழக்கம்போல் கொடுப்பதற்கு அதைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்! வாந்தியை நிறுத்த ஓர் ஊசி. கை நரம்பு வழியாகச் சிறிது உப்பு நீர். அதன் பிறகு பொட்டலத் தூளைக் கரைத்த நீர். ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் ஒரு கரண்டி.

அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தூளின் சரித்திரம் ஒரு பாரதப் புதல்வரின் சரித்திரம். 1953-இல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற டாக்டர், 186 காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் குணப்படுத்தி, லண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். உலகம் கவனிக்கவில்லை. 1971-இல் வங்காள எல்லையிலே, பன்காவ் அகதி முகாமில், காலரா வெடித்தது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர், உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவரச் செய்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் தாயும் தமையனும் கோப்பையில் மொண்டு புகட்டும்படி விட்டுவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் மடிந்துகொண்டிருந்த முகாமில் மரணம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. சர்க்கரை குடலின் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இரண்டும் அளவாயிருக்க வேண்டும். மகலனாபிஸ் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் மறு வருஷந்தான் வந்தது.

பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கலக்கிக் கொள்ளலாம். உப்பைக் கூட்டினால் ஆபத்து. மலத்தில் ரத்தம், கடும் ஜுரம், சிறுநீர் நின்றுபோதல், புத்தி தடுமாற்றம், இவற்றில் ஒன்று தோன்றினாலும் கைவைத்தியத்தை விட்டுவிட வேண்டும். பேதியைக் கட்டும் மாத்திரையை ரத்தமோ ஜுரமோ இருக்கும்போது விழுங்கவே கூடாது. ஆட்டோக்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரையில் நம் ஊரில் எல்லாருடைய சட்டைப் பையிலும் அந்த மாத்திரை இருப்பதால் சொல்லுகிறேன்.

பத்து மணிக்கு என் மாமியார் என் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். பதினோரு மணிக்குச் சிறுநீர் கழிந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் எண்ணியதில்லை. மைத்துனர் நடைக்கூடத்தில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நடுப்பகலில் கப்பல் பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்றது. அறையின் கதவில் சீட்டு ஒட்டியாயிற்று: உபாதை நின்றதிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு நாங்கள் வெளியே தலை காட்டக் கூடாது. முகமூடியும் கையுறையும் அணிந்த ஒருவர் குளோரின் நெடியடிக்கும் திரவத்தால் கதவுப் பிடி, குழாய், விளக்குப் பொத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார். தட்டில் வெறும் சாதமும் வாழைப்பழமும் வந்தன. மாமியார் சாதத்தை வெந்நீரில் பிசைந்து, உப்புப் போட்டு, கஞ்சியாக்கிக்கொண்டார். கப்பல் சாப்பாட்டில் அது ஒன்றுதான் நன்றாயிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஆனால் அது நகரத்தின் பக்கம் இல்லை. எதிர்க் கரையைப் பார்த்திருந்தது. பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகளும், இரு கரைக்கும் இடையே போய்வரும் படகுகளும் தெரிந்தன. பினாங்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அவருடைய கட்டிலருகில் போய், ஆரஞ்சுப் பழ விஷயத்தை முழுவதும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அப்பாவை எத்தனை நாள் அந்தத் தீவில் வைத்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, பாருங்கள்" என்றார். பிறகு தலையணையை ஜன்னல் பக்கமாக நகர்த்தச் சொல்லி, மாலையில் கப்பல் புறப்படும் வரையில் அந்தப் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பியதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பணம் கொடுத்துவிட்டார்கள். பினாங்குக்கு யாரும் கொடுப்பதாகத் தெரியவில்லை. நான் தனியே ஒரு தொகை சேர்த்து வருகிறேன். அடுத்த தடவை விமானத்திலேயே நேராகப் போவதென்று தீர்மானம்.

பூவிருந்தவல்லியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மாமியாரைச் சூழ்ந்துகொண்டு பினாங்கு எப்படி என்று விசாரித்தார்களாம். "ஊர் நல்ல ஊர்தான். ஆரஞ்சுப் பழம் மட்டும் யார் உரித்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்" என்றாராம்.