போறனான், வாறனான், யூஸ்ட் டு

ஆங்கிலம் படிப்பிக்கிற தமிழ்ப் புத்தகங்கள் மேல் எனக்குக் கனநாளாய் ஒரு கோபம். 'யூஸ்ட் டு' என்று ஒரு பிரயோகம் இருக்கிறதல்லவா, அதற்கு இந்தப் புத்தகங்கள் தருகிற தமிழைப் பாருங்கள்: "நான் தினமும் பால் அருந்துவதை வழக்கமாகக் கொண்டிருந்தேன்." எந்த வீட்டில், எந்த மனுசர் இப்படிக் கதைத்தவை? ஆங்கிலம் விளங்காத பெடியனுக்கு முதலில் இந்தத் தமிழை விளங்கப்படுத்த வேண்டும்.

இத்தனைக்கும் எங்கட யாழ்ப்பாணத்துக் கதையில் இதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது. "நான் முந்தி லைபிறறிக்குப் போறனான்." "அவர் எங்கட வீட்டை வாறவர்." "நாங்கள் கிணத்தடியிலதான் குளிக்கிறனாங்கள்." "நீ முந்திப் பாடுறனி எல்லே?" ஒருமுறை போனதில்லை, திரும்பத் திரும்பப் போனது. அதுதான் யூஸ்ட் டு. "ஐ யூஸ்ட் டு கோ டு த லைப்ரரி." ஊரில் ரியூசன் வாத்திமார் இதை ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. பேச்சுத்தமிழ் வகுப்புக்குள் வரக்கூடாது என்பது அவையின்ர சட்டம். கம்பசிலும் அதே கதைதான்.

தமிழ்நாட்டுக்காரர் இதே கருத்தை வேறு மாதிரிச் சொல்லுவார்கள். "அப்பல்லாம் நாங்க தினமும் ஆத்துக்குப் போவோம்" என்பார்கள். நாங்களும் அப்படிச் சொல்லுகிறதுண்டு. வடிவத்தைப் பார்த்தால் எதிர்காலம், சொல்லுகிறதோ பழைய கதை. அதை அப்படியே ஆங்கிலமாக்கி, "தோஸ் டேஸ் வி வில் கோ டு த ரிவர்" என்று சொல்லுகிற ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் நாளைக்குப் போகப்போகிறார்கள் என்று நினைப்பான். 'வில்' என்பதை 'வுட்' ஆக்கினால் சரி, "வி வுட் கோ." ஆனால் வுட் செயலுக்குத்தான் சரிவரும், நிலைமைக்குச் சரிவராது. "ஐ யூஸ்ட் டு பி எ ஸ்டுடண்ட்" என்கிற இடத்தில் வுட் போட முடியாது.

போறனானுக்கும் யூஸ்ட் டுவுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கிறது. நான் கனக்க யோசித்தது இதைப் பற்றித்தான். "அவர் கோயிலுக்குப் போறவர்" என்றால் இப்பவும் போகிறாரா, விட்டிட்டாரா என்று அந்த வினைக்குள் இல்லை. 'முந்தி' என்று ஒரு சொல்லை வைத்தால்தான் தெரியும். யூஸ்ட் டு அப்படியில்லை. சொன்ன உடனேயே, இப்ப இல்லை என்றுதான் கேட்கிறவன் எடுப்பான். நிகழ்காலத்துக்கு அது உதவவே உதவாது, அதற்கு 'யூஷுவலி' என்று வேறு சொல் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடினதோடு என்ர படிப்பு நின்றது. இங்கே கிச்சினில் யாராவது கேட்டால், "ஐ யூஸ்ட் டு பி அட் யூனிவர்சிட்டி" என்று சொல்லுகிறேன். இலக்கணம் சரி. ஆனால் தமிழில் "கம்பசில படிக்கிறனான்" என்று சொல்லும்போது அந்தக் கதவு கொஞ்சம் திறந்து கிடக்கிற மாதிரி இருக்கும், ஆங்கிலத்தில் சாத்தியாச்சு. (நாற்பது வயதுக்கு மேல் இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது என்று மனுசி சொல்லுகிறா.)

சரி, விசயத்துக்கு வாறன். என்னோடு கோப்பை கழுவின ஒரு பெடியன், வடமராட்சிப் பக்கம். 2009இல் இங்கே அகதி நேர்காணல். ஊரில் ஒவ்வொரு ஞாயிறும் காம்புக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், பத்து மாதம் வைத்தவன். நேர்காணலில், "நான் காம்பில போய் சைன் வைக்கிறனான்" என்று சொல்லியிருக்கிறான். மொழிபெயர்த்தவ தமிழ்நாட்டு அம்மா. நல்ல மனுசி, ஆனால் இந்த 'வைக்கிறனான்' அவவின் காதுக்குப் புதுசு. "ஐ சைன்ட் அட் த காம்ப்" என்று முடித்துவிட்டா. ஒருக்கால் போய் ஒரு கையெழுத்து என்ற மாதிரி. சொலிசிற்றர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்திலோ வாராவாரம் என்று இருக்கிறது. நிராகரித்து வந்த கடிதத்தில் அதை முரண்பாடு என்று எழுதி, ஆளை நம்ப முடியாது என்று முடித்திருந்தார்கள். அப்பீலில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்துதான் அந்தச் சொல்லின் கருத்து வெளியில் வந்தது. அதுவரைக்கும் ஒன்றரை வருசம், வேலை செய்ய அனுமதி இல்லை, நித்திரையும் இல்லை.

இதில் அந்த அம்மாவை மட்டும் பிழை சொல்லேலாது. "மொழிபெயர்ப்பாளர் சொல்லுறது விளங்குதா?" என்று தொடக்கத்திலேயே கேட்பார்கள். எல்லாரும் ஓம் என்று சொல்லுவோம். எங்களுக்கு அவ சொல்லுகிறது விளங்கும், சினிமா பார்த்துப் பழகின காது. நாங்கள் சொல்லுகிறது அவவுக்கு விளங்குதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே எங்கட ஆட்கள் வாறனான், போறனான் என்று மட்டும் சொல்லி விடாமல், கிழமைக்கு எத்தனை தரம், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தக் காலஅளவு வந்தால் ஆங்கிலத்தில் யூஸ்ட் டு வராது என்பதும் இந்த இடத்தில் முக்கியம். "ஐ யூஸ்ட் டு லிவ் தேர் ஃபைவ் இயர்ஸ்" பிழை, "ஐ லிவ்ட் தேர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" தான் சரி.

இன்னொரு சில்லெடுப்பும் இருக்கிறது. 'ஆம்' என்ற சின்னச் சொல்லை முன்னால் வைத்தால் கருத்தே மாறிவிடும். "ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் நைட்ஸ்" என்றால் இரவு வேலை எனக்குப் பழக்கம், பிரச்சினை இல்லை. புதிதாக வந்த தம்பி ஒருவர் முதலாளியிடம், "ஐ யூஸ்ட் டு வேர்க் நைட்ஸ்" என்று சொல்லிப்போட்டார். முந்திச் செய்தவன், இப்ப செய்யமாட்டான் என்று அந்தாள் எடுத்துக்கொண்டு, அடுத்த கிழமை ரோட்டாவில் இரவு ஷிஃப்ட் முழுக்க வெட்டிவிட்டது. கிழமைச் சம்பளத்தில் பாதி போச்சு. 'ஆம்' போட்டால் பின்னால் 'இங்' வரும், போடாவிட்டால் வெறும் வினை. தம்பிக்கு நான் இதை "பழகிப்போச்சு", "செய்யிறனான்" என்று இரண்டு சொல்லில்தான் விளங்கப்படுத்தினேன். 'வழக்கமாகக் கொண்டிருந்தேன்' என்று தொடங்கியிருந்தால் அந்தாள் எழும்பிப் போயிருக்கும்.

உச்சரிப்பும் பாருங்கள். பாவித்தேன் என்ற கருத்தில் வரும் 'யூஸ்ட்' தேனீ இரைகிற மாதிரி ஒலிக்கும். இது பாம்பு சீறுகிற ஓசை, 'யூஸ்டு' என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். கேள்வியாகக் கேட்கும்போது, "டிட் யூ யூஸ் டு" என்று கடைசி 'ட்' எழுத்தில் போய்விடும், காதுக்கு வித்தியாசம் தெரியாது.

நேர்காணல் முடித்துவிட்டு இருக்கிற ஆட்களுக்கு ஒன்று. அதன் பிரதி கைக்கு வந்ததும் சொலிசிற்றரோடு இருந்து வரிவரியாக வாசியுங்கள். நீங்கள் 'போறனான்' என்று சொன்ன இடத்தில் வெறும் 'வென்ட்' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முடிவு வருவதற்கு முதலே திருத்தத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.