பச்சைக் கோட்டா, சிவப்புக் கோட்டா?



டப்ளினில் மகள் வீட்டில் இருக்கிறேன். எட்டு வயதுப் பேத்தி அயர்லாந்துப் பழங்கதை உருவங்களாக வரைந்து தள்ளுகிறாள். போன வாரம் லெப்ரகான் என்ற குள்ளனுக்குச் சிவப்புக் கோட்டு போட்டிருந்தாள். "பச்சைதானே கண்ணு? கடையில எல்லாம் பச்சையாத்தானே தொங்குது?" என்றேன். "இல்ல தாத்தா, பழைய கதையில சிவப்பு" என்றாள். தேடிப் பார்த்தேன். 1831இல் சாமுவேல் லவர் எழுதிய நூலில் அவனுக்குச் சிவப்புக் கோட்டுதான். பச்சை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வாத்தியார் தோற்றேன்!

என் கருத்து இதுதான். இந்த உருவங்களை வரைய விரும்பும் பிள்ளைக்கு முதலில் கதையைச் சொல்லுங்கள். செல்போனில் படத்தைக் காட்டுவது அப்புறம் இருக்கட்டும்.

கூ குலின் என்ற வீரனைப் படம் பார்த்து வரைந்தால் வாளும் புஜமும்தான் வரும். கதையில் அவன் சாகும்போதும் நின்றபடியே சாக வேண்டும் என்று தன்னை ஒரு கல்லோடு கட்டிக்கொள்கிறான். தோளில் பறவை வந்து உட்காரும்வரை எதிரிகளுக்குக் கிட்டே போகத் துணிவில்லை. இங்கே தலைமை அஞ்சலகத்தில் ஆலிவர் ஷெப்பர்ட் செய்த சிலை இருக்கிறது. சாய்ந்த தலை, தோளில் அண்டங்காக்கை. கதை தெரிந்த கை செய்த வேலை அது.

லிர் மன்னனின் நான்கு பிள்ளைகளைச் சிற்றன்னை அன்னங்களாக்கிவிடுகிறாள். 900 ஆண்டு அப்படியே அலைகிறார்கள். மனிதக் குரல் மட்டும் போகவில்லை. குரலை எப்படி வரைவது? பேத்தி ஏரியில் நாலு அன்னங்களை வரைந்தாள். கரை நிறைய, கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஜனங்களை வரைந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஏனென்றால், என் வகுப்பில் ஒரு பையன் ஊதா நிறத்தில் காக்கை வரைந்தான். இரண்டு மதிப்பெண் குறைத்தேன். "ஏண்டா ஊதா?" என்று கேட்கவில்லை. அவனிடம் என்ன கதை இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் இதைப் படித்தால், தம்பி, எனக்கு ஒரு வரி எழுது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிவப்பு மையை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்