குளிர்காலை வண்டியும் பத்து நொடிப் பொறுமையும்

மார்கழி பிறந்துவிட்டால் வடபுலத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் ரஜாய்களும் கம்பளிகளும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகின்றன. குழந்தைகளுக்குக் குல்லாயும் முதியோர்க்குக் காலுறையும் தேடி எடுக்கிறோம். ஆனால், வாசலில் நிற்கும் டீசல் வண்டியையும் குளிர் வாட்டும் என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. சென்னையிலோ மதுரையிலோ வண்டியோட்டக் கற்றவர், சாவியைத் திருகியதும் எஞ்சின் முழங்குவதையே கண்டு பழகியவர். 2021 ஜனவரி முதல் நாளன்று தில்லி சப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. அத்தகைய வைகறையில் நம் ஊர்ப் பழக்கம் உதவாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைத் திங்களில் நடந்த நிகழ்ச்சி இது. அன்பர் ஒருவரின் அன்னையார்க்கு விடியற்காலை நான்கு மணிக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவரைப் போர்த்தித் தாங்கி வந்து, பழைய டீசல் வண்டியில் அமர்த்தினார்கள். அன்பர் பதற்றத்தில் சாவியை ஒரே திருகாகத் திருகினார். எஞ்சின் முனகிற்று; பிடிக்கவில்லை. மீண்டும் திருகினார், மீண்டும் முனகல். ஐந்தாறு முறை ஆனபின் பாட்டரி ஒடுங்கிப்போய், ‘கடக் கடக்’ என்னும் ஒலி மட்டுமே எஞ்சியது. ஓசை கேட்டு வந்தார் அடுத்த வீட்டுச் சர்தார்ஜி; லாரித் தொழிலிலேயே தலை நரைத்தவர். தம் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்துவிட்டு, “பேட்டா, அந்த மஞ்சள் விளக்கு அணையட்டும், அதுவரை சாவியைத் தொடாதே” என்றார். விளக்கு அணைந்தது. சாவி திரும்பியது. வண்டி உடனே உயிர் பெற்றது. அன்னையாரும் நலமுற்று வீடு திரும்பினார். ஆயினும், வீணாய்க் கழிந்த அந்த இருபது நிமிடங்கள் அன்பரின் நெஞ்சை இன்றும் உறுத்துகின்றன.

அந்த மஞ்சள் விளக்கின் பொருள் யாது? பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அஃது இல்லை. ஜெர்மானியப் பொறியாளரான ருடால்ஃப் டீசல் வகுத்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய முறை வேறு. சிலிண்டருக்குள் புகுந்த காற்றை, பதினைந்து முதல் இருபதில் ஒரு பங்காகப் பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 டிகிரிக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆக, டீசல் எஞ்சினுக்கு வெப்பமே தீக்குச்சி. குளிர்ந்த காலையில் காற்றும் குளிர்ந்திருக்கும். சிலிண்டரின் இரும்புச் சுவரும் குளிர்ந்திருந்து, பிறந்த சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இக்குறையை நிரப்பவே ஹீட்டர் பிளக் அமைத்திருக்கிறார்கள். சாவியின் முதற் திருப்பத்தில் அதன் முனை செந்தணலாகப் பழுக்கிறது. சுருள் வடிவான அந்த மஞ்சள் விளக்கு, ‘இன்னும் பழுக்கவில்லை, பொறு’ என்று நமக்குச் சொல்லும் செய்தியேயாகும்.

இதனை மனத்திற்கொண்டால் செய்முறை எளிது. முகப்பு விளக்கு, காற்றுவிசிறி, வானொலி அனைத்தையும் முதலில் அணைத்துவிடுக. கியரை நியூட்ரலில் வைத்துக் கிளட்சை முழுதும் அழுத்துக. கியர்ப்பெட்டியில் இறுகிய எண்ணெயைக் கலக்கும் சுமை அதனால் குறையும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, சுருள் விளக்கு அணையும்வரை காத்திருக்க. புதிய வண்டிகளில் இது சில நொடிகளே. பழையனவற்றில் பத்து நொடிக்கு மேலும் ஆகலாம். குளிர் கடுமையாயின், சாவியை மூடி மறுமுறையும் இவ்வாறு சூடேற்றலாம். பின்னரே ஸ்டார்ட் செய்க. புதிய வண்டிகளில் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். பொத்தான் அழுத்திக் கிளப்பும் வண்டிகளுட் பல இக்காத்திருப்பைத் தாமே செய்துகொள்கின்றன.

பத்து நொடிக்குள் பிடிக்கவில்லையெனில் நிறுத்திவிடுக. ஒரு நிமிடம் பாட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஓய்வு தந்து, மீண்டும் விளக்கிலிருந்து தொடங்குக. சேர்ந்தாற்போல் அரை நிமிடம் செல்ஃப் அடித்தால், மோட்டார் கொதிக்கும், பாட்டரி வற்றும். பதறாத காரியம் சிதறாது என்னும் நம் பழமொழி இவ்விடத்தில் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

எஞ்சின் பிடித்தபின் உறுமவிடுவது சிலர் வழக்கம். அது பெருந்தீங்கு. குளிரில் தடித்த எண்ணெய் மேற்பகுதிகளுக்கும் டர்போவுக்கும் ஏறிச் சேரச் சில நொடிகள் வேண்டும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தானாக ஓடவிட்டு, பிறகு மெல்லச் செலுத்துக. வெப்பமானியின் முள் எழும்வரை விரைவு வேண்டாம். கால் மணி நேரம் நின்றபடியே ஓடவிடுவதும் தவறு. சும்மா ஓடும் டீசல் எஞ்சின் எளிதிற் சூடேறாது, புகைக்கரியே படியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மூடிய கராஜிலோ, கதவடைத்த கொட்டகையிலோ எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுதல் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் அற்றது. உறக்கம் போல வந்து உயிரைக் கொண்டுபோகும்.

குளிர் வருமுன் செய்யவேண்டுவனவும் சில உள. முதலாவது பாட்டரி. உறைநிலையில் அதன் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கேனும் குன்றுகிறது. எஞ்சினைச் சுழற்ற வேண்டிய உழைப்போ கூடுகிறது. நான்கு ஆண்டு கண்ட பாட்டரியை ஐப்பசியிலேயே சோதித்துவிடுக. இரண்டாவது ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று பழுதானாலும், வண்டி மூன்று காலில் நிற்கும் குதிரைபோல் நடுங்கி, வெண்புகை கக்கும். அதனை மாற்றுவது பெருஞ்செலவன்று. மூன்றாவது எண்ணெய். டப்பாவின் மேல் 5W-30, 15W-40 என்று காண்கிறோமே, அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயின் குளிரிலும் எண்ணெய் எளிதாக ஓடும். எனினும் வண்டியின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றுக.

மலைநாட்டுக்குச் செல்வோர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் மிகுந்தால் அது திரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். இவ்வடைப்பு நேரும் வெப்பநிலை குளிர்கால டீசலில் 6 டிகிரிக்கும், கோடைக்கால டீசலில் 18 டிகிரிக்கும் மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. லடாக்கின் குளிருக்கு இதுவும் போதாமையால், மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிலைக்கும் தனிவகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு வழங்கத் தொடங்கியது. ஆகவே, மலையேறுவோர் சமவெளியில் நிரப்பியதையே நம்பியிராமல், அவ்வப் பகுதியில் விற்கும் டீசலை நிரப்பிக்கொள்க. மண்ணெண்ணெய் கலப்பது பம்பையும் கெடுக்கும், சட்டத்துக்கும் புறம்பு. டாங்கியின் அடியில் தீ மூட்டுவதைச் சில மலைப்பாதைகளில் காணலாம், கண்டு விலகுக. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுள் ஈதர்த் தெளிப்பானைப் பீய்ச்சுவதும் வெடிக்கு வழிகோலும்.

இவ்வளவும் செய்தும் வண்டி பிடிவாதம் செய்யும் நாள் ஒன்று வரலாம். அன்று வீட்டில் உயிராபத்து நேர்ந்திருந்தால், வண்டியோடு போராடாமல் 112-ஐ அழைப்பதே முதற்கடன். பிறகு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுக. தொலைவில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உறவினர்.

நம் அன்பர் இப்போது குளிர்காலம் முழுதும், அவசரமில்லாத நாளிலும், அந்த விளக்கு அணையும்வரை கைகட்டிக் காத்திருக்கிறார். பக்கத்தில் அமரும் பிள்ளைகள் ‘ஒன்று, இரண்டு’ எனத் தமிழில் எண்ணுகிறார்கள். பத்தை எட்டுமுன்பே பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடுகிறதாம்.

அடுத்த திங்கள், மூடுபனியில் வண்டி செலுத்தும் முறைபற்றிக் காண்போம்.