எங்கட மலையிலும் ஒரு கழகம் இருக்கிறது

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் பாடசாலை விட்ட பிறகு மைதானத்தில் தரம் பத்துப் பிள்ளைகளோடு நின்றோம். ஒருவன் பார்சிலோனா ஜேர்சி, இன்னொருவன் ரியல் மட்ரிட், மூன்றாமவன் மன்செஸ்டர் சிட்டி. மெஸ்ஸியா ரொனால்டோவா என்று வழமையான வழக்கு. சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம். "நம்ம மலைநாட்டில இருந்து இலங்கையின் முதல்தரப் போட்டியில ஆடின கழகம் ஒன்று இருக்கு. பெயர் தெரியுமா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், நம்ம பக்கத்துலயா?"

ஆமாம், நம்ம பக்கத்தில்தான். நாவலப்பிட்டி. இறம்பொடையில் இருந்து இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேரும் தூரம். அப் கண்ட்ரி லயன்ஸ் விளையாட்டுக் கழகம். மட்ரிட் அணியின் மாற்று வீரர்களின் பெயர் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்காதது நாங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டு இலங்கையில் சுப்பர் லீக் என்ற பெயரில் பத்துக் கழகங்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. அரைவாசியாவது தொழில்முறைக்கு நம் உதைபந்தாட்டம் வரட்டும் என்ற நோக்கம். அந்தப் பத்துக் கழகங்களையும் ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் மூன்றும் முறையே இராணுவம், கடற்படை, விமானப்படை. கொழும்பு எஃப்.சி., ரினோன், ரட்ணம் மூன்றும் கொழும்பு. மிச்சம் நான்குதான் மற்ற ஊர்களுக்கு: வென்னப்புவையின் நியூ யங்ஸ், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், களுத்துறையின் புளூ ஸ்டார், நாவலப்பிட்டியின் அப் கண்ட்ரி லயன்ஸ். முதல் மூன்றும் மேற்குக் கடற்கரை. வடக்கு, கிழக்கில் இருந்து ஒன்றும் இல்லை. முழு மலைநாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கழகம். அதற்கு முந்திய டயலொக் சம்பியன்ஸ் லீக் காலத்தில் கம்பளையின் கிறிஸ்டல் பெலஸ் கழகமும் கூடவே ஆடியது. சுப்பர் லீக்கில் அதுவும் இல்லை.

அந்தப் பத்தில் வென்றது யார்? படையும் இல்லை, கொழும்பும் இல்லை. களுத்துறை புளூ ஸ்டார். அதோடு நிற்கவும் இல்லை. 2022 ஏப்ரலில் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2-1 என்று தோற்கடித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன? மோகன் பகான் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உள்ள கழகம். அதன் சொந்த மண்ணில் போய் நிற்கும் இடத்துக்கு ஒரு களுத்துறைக் கழகம் வந்ததே பெரிய விசயம்.

அப்படியென்றால் நாவலப்பிட்டி ஏன் அந்த இடத்துக்கு வரக்கூடாது? கம்பளை ஏன் திரும்ப எழும்பக்கூடாது? நாளைக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து இன்னொரு கழகம் ஏன் வரக்கூடாது? இதுதான் எங்கள் கேள்வி.

"சேர், சின்ன ஊர்க் கழகம் எல்லாம் பெரிய அளவில் வராது" என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு பெலாருஸ் நாட்டுக் கதையைச் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

பெலாருஸில் பரிசாவ் என்று ஓர் ஊர். தலைநகர் மின்ஸ்க்கின் முன்னால் அது சின்ன ஊர்தான். வாகனங்களுக்கு மின் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. அந்தத் தொழிற்சாலையின் பெயரில் 1973இல் தொடங்கியதுதான் பாட்டே கழகம். இடையில் கழகம் கலைந்தே போனது. 1996இல் திரும்பத் தொடங்கினார்கள். 2006 தொடக்கம் 2018 வரை தொடர்ச்சியாகப் பதின்மூன்று தடவை தேசியச் சம்பியன். 2012 ஒக்டோபரில் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கில் பயேர்ன் மியூனிக்கை 3-1 என்று அடித்தார்கள். அதே பருவத்தில் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கிய பயேர்ன்தான் அது.

அதே நாட்டில் சலிகோர்ஸ்க் என்று இன்னோர் ஊர், நமக்கு இன்னும் நெருக்கமான கதை. அது சுரங்கத் தொழிலாளர் ஊர். தோண்டி எடுப்பது பொட்டாஷ். நம் தேயிலைக்குப் போடும் உரத்தில் சேருகிறதே, அதே பொட்டாஷ். அவர்களுடைய கழகத்தின் பெயர் ஷக்தியோர். அந்த வார்த்தைக்கு அர்த்தமே சுரங்கத் தொழிலாளி. 2005இலும் 2020இலும் அந்தக் கழகம் நாட்டின் சம்பியன். தொழிலாளி என்ற பெயரை மறைக்கவில்லை, நெஞ்சில் குத்திக்கொண்டு ஆடினார்கள்.

பெலாருஸில் நடப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அங்கே கழகங்களுக்குப் பின்னால் அரசாங்கத் தொழிற்சாலைகளின் காசு நிற்கிறது. நம்மிடம் அது கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டே கழகம் திரும்பத் தொடங்கிப் பத்து வருடம் கழித்துத்தான் அந்தப் பதின்மூன்று வெற்றிகளில் முதலாவது வந்தது. ஒவ்வொரு வருடமும் போட்டி நடந்தது, கழகம் ஆடியது. நம் நாட்டில் குறையாக இருப்பது அந்தத் தொடர்ச்சி.

சுப்பர் லீக்கைப் பாருங்கள். தொடங்கிய கையோடு கொரோனாவால் இடையில் நின்றது, பிறகு நடந்து முடிந்தது. அடுத்த வருடம் சுப்பர் லீக் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்ற காரணத்தைக் காட்டி ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் நம் நாட்டுக்கு இடமே இல்லை. 1995இல் அதே தெற்காசியக் கிண்ணத்தைக் கொழும்பில் தூக்கிய நாடு இது.

மேலே இருப்பவர்களின் சண்டையால் முதலில் அடிபடுவது யார்? கொழும்பில் இருக்கும் கழகத்துக்கு வேறு வழி இருக்கும், படை அணியின் வீரருக்கு மாதச் சம்பளம் இருக்கும். நாவலப்பிட்டிக் கழகத்தில் ஆடும் பையனுக்கு என்ன இருக்கிறது? ஒரு வருடம் போட்டி இல்லையென்றால் அவன் கடையில் வேலைக்குப் போய்விடுவான். இரண்டு வருடம் இல்லையென்றால் திரும்பி வரமாட்டான்.

இது வெறும் ஊகம் இல்லை. எங்கள் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். பதினாறு வயதில் இடது காலால் அவன் அடிக்கும் பந்தைப் பார்த்தால் நீங்களும் எழும்பி நிற்பீர்கள். ஒரு கழகத்தின் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். முதல் வாரம் போனான். இரண்டாம் வாரம் போனான். பயிற்சி முடிய இருட்டிவிடும், பிறகு பஸ் இல்லை. ஒரு நாள் பாதி வழிக்கு லொறியில் வந்து மிச்சத்தை நடந்து வந்தான். மூன்றாம் வாரம் போகவில்லை.

கேட்டபோது சொன்னான்: "அம்மாகிட்ட ஒவ்வொரு வாட்டியும் பஸ்ஸுக்குக் காசு கேக்க முடியல சேர்."

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஓரளவு நல்ல பூட்ஸ் ஒரு சோடி வாங்க அந்தத் தாய் எத்தனை நாள் மலை ஏற வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் பஸ் நிறைய வரும் நம் பிள்ளைகளோடு அவனும் வருகிறான். கண்டால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்டது கோடிக்கணக்கில் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் காசும், திரும்பி வர ஒரு வாகனமும்தான். இந்த ஊரில் எத்தனை கடை, எத்தனை வேன்? நாங்கள் யாரும் அன்றைக்கு யோசிக்கவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் யோசிக்கவில்லை. கைதட்டினோம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 2024 செப்டெம்பரில் நம் தேசிய அணி கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அடுத்த கட்டத்துக்குப் போனது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அந்த அணிக்குப் பெரும் பலம். அவர்கள் வரட்டும், நம் நாட்டுக்குத்தானே ஆடுகிறார்கள். ஆனால் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் தேடிப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடிகிற நாட்டுக்கு, கொத்மலைத் தோட்டத்தில் வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளை கண்ணில் படவில்லையே என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு.

"மலையில் எங்கே மைதானம்?" என்று கேட்பார்கள். துரைமார் தங்களுக்குத் தேவைப்பட்டபோது டிக்கோயா டரவளையிலும் நானுஓயாப் பக்கம் ராதெல்லையிலும் மைதானம் கண்டார்கள். ரகரும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். ஆகவே மலையில் மைதானம் முடியும். யாருக்காக என்பதுதான் கேள்வி. இன்றைக்கு நம் தோட்டங்களில் இருக்கும் சின்னத் திடல்களில் பந்து ஒரு பக்கம் உருண்டால் தேயிலைக்குள் போய்த் தேட வேண்டும். மற்றப் பக்கம் உருண்டால் ஆற்றுக்குள். அந்தத் திடல்களையாவது காப்பாற்ற வேண்டும். கட்டடத்துக்கென்றும் வாகனம் நிறுத்தவென்றும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சில பெற்றோர் "பந்து பந்து என்று படிப்புக் கெட்டுப் போகும்" என்று சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. சாதாரணதரத்தில் கணிதம் தவறினால் வாழ்க்கை எவ்வளவு நெருக்கும் என்பது எங்களை விட யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு வந்து மஃரிபுக்கு வீடு போகும் பிள்ளையைப் பற்றி எங்களுக்கு முறைப்பாடு வருவதில்லை. மைதானமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் சந்தியில் நிற்கும் பிள்ளையைப் பற்றித்தான் வருகிறது. இன்றைக்கு ஊருக்குள் வந்திருக்கும் போதைப்பொருளை வெறும் உபதேசத்தால் தடுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மைதானத்தில் பந்து கேட்கும்போது யாரும் "நீ யாரு, எந்த ஊரு, எந்த மதம்" என்று கேட்பதில்லை. "தம்பி, இங்க குடு" என்றுதான் கேட்கிறார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே அணியில் வியர்க்கும் இடம் இந்தப் பகுதியில் வேறு எங்கே இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் பங்குக்கு நாலு விசயத்தை வைக்கிறோம்.

ஒன்று. நாவலப்பிட்டியிலோ கம்பளையிலோ நம் கழகங்களுக்கு ஆட்டம் நடக்கும் நாளில் ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம். முதலில் கண்ணால் பார்க்கட்டும். ஜேர்சி போட்டால் அந்தக் கழகத்தின் ஜேர்சியையும் ஒரு நாள் போடட்டும்.

இரண்டு. பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, கடைக்கார சகோதரர்கள் சேர்ந்து ஒரு சின்ன நிதி. பூட்ஸுக்கும் பஸ் காசுக்கும் மட்டும். கணக்கை மாதா மாதம் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவோம். இன்னொரு பிள்ளை மூன்றாம் வாரம் நின்றுவிடக் கூடாது.

மூன்று. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் ஒரு நாள் போட்டி வைத்து, கிண்ணம் கொடுத்து, படம் எடுத்து முடிப்பதை நிறுத்துவோம். தோட்ட அணிகளுக்கு வருடத்தில் நான்கு மாதமாவது ஓடும் ஒரு சிறு லீக் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும். இடைவேளையில் அவர்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

நான்கு. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தோட்டக் கம்பனிகளிடமும் பேசித் திடல்களை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரச் சொல்வோம். தேசியப் போட்டி எந்தப் பெயரில் நடந்தாலும், மலைநாட்டுக் கழகத்தின் சொந்த ஆட்டம் மலைநாட்டு மைதானத்தில் நடக்க வேண்டும் என்று கேட்போம். கொழும்பில் மட்டும் ஆடினால் நம் பிள்ளைகள் அதை எப்படிப் பார்ப்பது?

இதெல்லாம் நடந்தால் நாளைக்கே யாரும் பயேர்னை அடிக்கப் போவதில்லை. எங்களுக்கு அந்தப் பேராசையும் இல்லை. அடுத்த முறை மைதானத்தில் அதே கேள்வியைக் கேட்கும்போது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "தெரியும் சேர், எங்க அண்ணன் அதுலதான் ஆடுறாரு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

நிதிக்கு முதல் பங்கு எங்கள் ஆசிரியர் அறையில் இருந்து வரும், இன்ஷா அல்லாஹ். வேன் வைத்திருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், முன்னாள் வீரர்கள் கீழே பெயரைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மைதானத்தில் சந்தித்துப் பேசுவோம். மழை வந்தால் பாடசாலை மண்டபம்.