மாணவர் மலரும் உலக இதழும்

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது எதனை? நம் பெயரை! அதைக் கண்டதும் உள்ளம் துள்ளுகிறது. ஆனால் அப்பெயருக்குக் கீழே உள்ள வரிகள் நம்முடையவைதாமா? அல்லது நூலிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எடுத்தெழுதிய துணுக்கா? நம் மனச்சான்றையே கேட்டுப் பார்ப்போம்.

"பள்ளி மலர்தானே, இதற்கு இவ்வளவு போதும்" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறென்பதற்கு 'கிரான்டா' என்னும் ஆங்கில இதழின் வரலாறே சான்று.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஓடும் கேம் ஆற்றின் பழைய பெயர் கிரான்டா. அப்பெயரைச் சூட்டி, 1889ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் இதழைத் தொடங்கினர். மாணவர் செய்திகள், நகைச்சுவை, கவிதை ஆகியவையே அதில் இருந்தன. நம் மலரைப் போன்றதுதானே! 'வின்னி த பூ' என்னும் கரடிக் கதைகளைப் பின்னாளில் எழுதிய ஏ. ஏ. மில்ன், மாணவராயிருந்தபோது அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். இதழ் தொடங்கிய நாளில் பெண்கள் அங்கே படிக்கலாம், முழுமையான பட்டம் பெற இயலாது. அவ்வுரிமை 1948இல்தான் கிடைத்தது. பின்னர் அங்கு பயின்ற கவிஞர் சில்வியா பிளாத்தின் எழுத்தும் அவ்விதழில் இடம்பெற்றது.

1970களில் பணமின்றி இதழ் தள்ளாடியது. 1979இல் மேற்படிப்பு மாணவர் சிலர் அதற்குப் புத்துயிர் அளித்தனர். அன்று முதல் அது பல நாட்டவரின் கதை, கட்டுரைகளைத் தாங்கிவரும் பன்னாட்டு இலக்கிய இதழாயிற்று. 1983இல் பிரிட்டனின் சிறந்த இளம் நாவலாசிரியர் இருபதின்மரின் எழுத்துகளை ஒரே இதழில் வெளியிட்டது. அவர்களுள் ஒருவரான கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு பெற்றார்.

மற்றொருவர் புச்சி எமெச்சேட்டா. நைஜீரியாவில் பிறந்து இலண்டனில் குடியேறியவர். அவர் எழுதிய முதல் நாவலின் கைப்பிரதியைக் கணவரே தீயிட்டார். ஐந்து குழந்தைகளோடு தனியே வாழ்ந்து, படித்துப் பட்டமும் பெற்ற அவர், எரிந்த கதையை மீண்டும் எழுதினார். 'த பிரைட் பிரைஸ்' என்ற பெயரில் அது 1976இல் வெளிவந்தது. தாள் எரிந்தபின்னும் எப்படி எழுத முடிந்தது? கதை அவர் உள்ளத்தில் இருந்தது. நாம் எடுத்தெழுதியதோ தாளில் மட்டுமே இருக்கிறது!

சொந்தமாக எழுதினால் பிழை வருமே என அஞ்சும் தோழியர் உண்டு. "நல்லதாக ஒன்றைப் பார்த்து எழுதிக் கொடு" என்னும் பெற்றோரும் உண்டு. அவர்களது அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிழையைத் திருத்த ஆசிரியையர் இருக்கிறார்கள். இல்லாத எண்ணத்தை யாரால் திருத்த முடியும்?

நாம் அனைவரும் எழுத்தாளராக வேண்டுமென்பதில்லை. பாட்டியின் கைவைத்தியம், காலைப் பேருந்தின் நெரிசல், மதிப்பெண் குறைந்த நாளில் தோழி சொன்ன ஆறுதல் இவையெல்லாம் நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்ததை நம் சொற்களில் பத்து வரி எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரில் நம் பெயரைக் காணும்போது, அதன் கீழுள்ள வரிகளும் நம்முடையவையாக இருக்கட்டும்!