விரைவை அளக்கும் கோணற்கோல்



நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு எடுத்த எடுப்பிலேயே குளிப்பை அறிவித்துவிடவில்லை. முன்னதாக முத்துப்பார்களில் ஆளிறக்கிப் பதம் பார்க்கச் சிப்பி எடுப்பர். கிடைத்த முத்துகளைத் துளையளவு வேறுபட்ட பித்தளைப் பெட்டிகளில் சலித்துத் தரம் பிரித்து விலை மதிப்பர். அதன் பின்னரே பாரின் நிலை இதுவென்பர். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றது. அந்த அளவை நேர்மையும் அதனோடு மூழ்கிற்றோ என ஐயுறும்படி, இணைய விரைவை அளந்ததாகக் கூறும் பட்டியல்கள் இன்று உலாவருகின்றன. இன்ன நாடு இத்தனையாம் இடம், இன்ன மாநிலம் முன்னணி என அவை முழங்குகின்றன. நாம் கேட்பது ஒன்றே: அளந்த கோல் எது? அளந்த இடம் எது?

முதற்கோணல், அளப்போர் யார் என்பது. ஊக்லா நிறுவனத்தின் செயலியாயினும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வெளியிட்ட 'மைசுபீடு' செயலியாயினும், பயனர் தாமே முன்வந்து அளப்பதையே பெரிதும் நம்பியுள்ளன. அலையே எட்டாத உப்பளத்துக் குடிசையில் அளப்பவர் யார்? அங்குச் சுழியம் என்னும் எண்கூடப் பதிவாகாது. இல்லாதவன் ஏறாத பட்டியலில், உள்ளவன் விரைவே ஊரார் விரைவாகிவிடுகிறது.

இரண்டாங்கோணல், எதுவரை அளப்பது என்பது. செயலி பெரும்பாலும் அருகிலிருந்து விரைந்து மறுமொழி தரும் வழங்கியையே தேர்ந்துகொள்கிறது. மாணவன் திறக்கும் பாடமோ மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலக்கம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டர்த் தொலைவும் போய்வர ஆயிரத்திலொரு நொடியை விழுங்கும். இடைவழி நெரிசல் வேறு. மேலும், ஊக்லா ஒரே வேளையில் பல ஓடைகளைத் திறந்து அளக்கிறது. 'எம்-இலேபு' என்னும் அளவைக் கூடத்தின் ஆய்வோ ஒற்றை ஓடையில் அளக்கிறது. ஒரே வீட்டில் ஒரே பொழுதில் இரண்டும் இருவேறு எண் கூறலாம். இரண்டும் பொய்யல்ல. ஆனால், மரக்காலால் அளந்ததையும் நாழியால் அளந்ததையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பொய்.

மூன்றாங்கோணல், வட்டாரம். இந்திய ஒன்றியம் தொலைத்தொடர்புக்கென 22 உரிமப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் சென்னையும் நம் தூத்துக்குடியும் ஒரே பகுதி. அண்ணாசாலையும் மணப்பாட்டுக் கரையும் கலந்து ஓர் எண்ணாகின்றன. அளவுகளை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவிலுள்ளதை எடுப்பதால் முறை செவ்விதென்பர். அந்நடுவெண், பாதிப்பேர் அதற்குக் கீழே இருப்பதைக் கூறுமேயன்றி, எவ்வளவு கீழே கிடக்கின்றனர் என்று கூறாது.

நான்காங்கோணல், சொல். "100 எம்பிபிஎசு வரை" என்பது விளம்பரம். 'வரை' என்னும் சொல்லுக்குள் 1-உம் அடங்கும் அன்றோ? அவ்வெண் பிட்டுக் கணக்கு. நாம் இறக்கும் கோப்போ பைட்டுக் கணக்கு. எட்டுப் பிட்டு ஒரு பைட்டு. ஆகவே 100 என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்டே. ஆங்கிலத்தில் ஓரெழுத்தைச் சிறிதாகவும் பெரிதாகவும் எழுதி இவ்வெட்டு மடங்கு வேறுபாட்டை உணர்த்துகின்றனர். தமிழ் எழுத்தில் அவ்விருமை இல்லை. தமிழிற் சொல்லியிருந்தால் இம்மயக்கத்துக்கு இடமேது? அரசின் சொல்லும் இத்தகையதே. அகலக்கற்றை எனப்படுதற்கு 2004-இல் 256 கிலோபிட்டு போதுமாயிற்று, 2013-இல் 512, 2023-இல்தான் 2 மெகாபிட்டு. தலைக்கணக்கில் 2 பெற்றவனும் 200 பெற்றவனும் ஒன்றே!

2020-இல் பள்ளிகள் பூட்டியபோது கைப்பேசிவழிப் பாடம் சொன்னேன். விடியலில் என் வீட்டில் கண்ட எண், இரவு ஒன்பது மணிக்கு நான்கிலொரு பங்காய்ச் சுருங்கியது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள், "ஐயா, உங்கள் குரல் பாதிச் சொல்லிலேயே அறுந்துபோகிறது" என்றாள். இணைப்புத் தருவோரிடம் முறையிட்டேன். "உங்கள் வட்டாரத்தில் விரைவு நன்றாகவே உள்ளது" என்று பட்டியலைக் காட்டினர். பட்டியல் வென்றது, பிள்ளை பாடம் இழந்தாள். கோணற்கோல் குறையை மறைப்பதோடு நில்லாது, குறை சொல்பவனையும் பொய்யனாக்கும்.

2024-இல் ஆணையம், அலை எட்டும் இடங்களை வரைபடமாக வெளியிடுமாறு நிறுவனங்களைப் பணித்தது. நன்று, ஆயினும் அது விற்பவனே வரையும் படம். 2006-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்குக் கடலடி இழை போடத் தெரிந்தவர்க்கு, ஊராட்சிதோறும் ஓர் அளவைக் கருவி நிறுத்தத் தெரியாதா? ஒரே கருவி, ஒரே முறை, காலையும் இரவும் அளவை, இறக்கம், ஏற்றம், மறுமொழித் தாழ்வு மூன்றும் தனித்தனியே, எத்தனை முறை அளந்தனர், எங்கெங்கு அலையே இல்லை என்னும் கணக்கும் உடன், அனைத்தும் தமிழில். இதுவே நம் கேட்பு.

அதுவரை நாமே அளப்போம். நாள், பொழுது, இடம், செயலி, இணைப்பின் வகை ஆகிய ஐந்தையும் எண்ணோடு குறித்து வைப்போம். பதம் பாராது பாரை மதிப்பிடாத கடற்கரை இது. அளவாத எண்ணுக்குத் தலையாட்டோம்!