அப்பா தேடும் இரும்புக்கை

அப்பா யாழ்ப்பாணத்தில விட்டிட்டு வந்த றங்குப்பெட்டிக்குள்ள முத்து காமிக்ஸ் கிடந்ததாம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய அந்த இதழின் முதல் கதை ‘இரும்புக்கை மாயாவி’. மூலக்கதை 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. மின்சாரம் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சிடுவான். இரும்புக்கை மட்டும் தெரியும்.

பழைய பிரதிகளின் விலையைக் கேட்டுத் தலை சுத்தினது. மறுபதிப்பை வின்டர்தூருக்கு எடுப்பிச்சன். அப்பா மணந்து பார்த்திட்டு, “அந்த மணம் இல்லையடா” எண்டார். ஆனா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டாலே வயித்துக்குத்து வாற என்ர மகன், அப்பப்பாவுக்குப் பக்கத்தில இருந்து “மா… யா… வி” எண்டு எழுத்துக் கூட்டுறான்.

பழைய பிரதியை இன்னும் தேடுறன். உங்கட வீட்டு அலுமாரியில அட்டை கிழிஞ்சது ஒண்டு கிடந்தாலும் சொல்லுங்கோ. அப்பாவுக்கு வயசு போகுது.